முதல் தேதி நொண்டல்

மலையில் தேயிலை வருமுன், கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில், ஒரு முதல் தேதிக் காலையில் கண்டியில் எங்களைப் பார்த்திருந்தால், இந்த ஊர் ஆண்களுக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டிருப்பீர்கள். வாவிக்கரை வரை வெற்றிலை மென்றபடி கைவீசி நடந்து வருவோம், ஏழெட்டுப் பேர். அரசாங்க ஆபீசின் கூரை கண்ணில் பட்டதும் எல்லோருக்கும் கால் இழுக்கும்.

நான் அந்த ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் பியோன். காகிதக் கட்டுகளைச் சுமந்து படியேறியதில் முழங்கால் வீங்கிப்போனது. ‘இவன் உடம்பு இனி வேலைக்கு ஆகாது’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். உபகாரச் சம்பளம் என்று பென்சன் தந்தார்கள், பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. அரிசி வாங்கினால் விறகுக்குக் காணாது. அதோடு ஒரு சட்டம்: வேறு எங்கே கூலிக்கு நின்றாலும் அந்தப் பணம் நின்றுவிடும். ஆகவே மாதாமாதம் முகத்தையும் காட்ட வேண்டும், காலையும் காட்ட வேண்டும்.

இப்படிப் பணம் வாங்கிய எங்களில் வேறு வேலைக்குப் போகாதவன் ஒருவனும் இல்லை. ஒருவன் கலகெதரவில் வெங்காயம் விற்றான். நான் மஹய்யாவக் கோப்பிக் கிட்டங்கியில் தராசடியில் நின்று, வரும் மூட்டைகளை நிறுத்து எழுதினேன். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைத்தடி. உள்ளே போய் வந்தவன் பலாமரத்துக்குப் பின்னால் அடுத்தவன் கையில் அதைக் கொடுப்பான். “வெரசாக் குடுய்யா, எனக்கு இன்னும் நோவே வரல” என்பான் வெங்காயக்காரன். சிரிப்போம். என் முழங்கால் மெய்யாகவே வீங்கித்தான் இருந்தது. அந்த மெய்யான நோவையும் நான் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

“அரசாங்கம் ஒங்க காலுக்குத்தாங்க சம்பளம் குடுக்குது. அதப் பத்திரமா இழுத்துக்கிட்டு வாங்க” என்று வழியனுப்புவாள் என் மனைவி.

எங்களுக்குப் பணம் கொடுக்கும் பெரிய கிளாக்கருக்குக் கலகெதரப் பக்கம் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் இருந்தது. முழுச் சம்பளமும் வாங்கினார், கோப்பியும் விற்றார். அவரை நொண்டச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவருடைய வண்டி கோப்பி மூட்டைகளோடு எங்கள் கிட்டங்கி வாசலில் வந்து நின்றது; அவரும் இறங்கினார். அந்த நேரம் பார்த்து நான் தோளில் ஒரு மூட்டையோடு நின்றேன்.

“என்னப்பா, முழங்கால் சௌக்கியமா?”

“ஐயா...” மூட்டையை இறக்கவும் தோன்றவில்லை.

“பயப்படாத. நான் எதையும் பாக்கல. நீயும் என் சாக்குல ஒண்ணையும் பாக்காத. காஞ்சதுன்னு எழுதிடு.”

கோப்பி காய்ந்ததா என்று தெரிய ஒரு கொட்டையைக் கடித்துப் பார்ப்போம். காய்ந்தது படீரென்று உடையும். ஈரமானதில் பல் பதியும்; எடையும் கூடுதலாகக் காட்டும். அவர் கொண்டுவந்த மூன்று மூட்டையிலும் நான் பல் வைக்கவில்லை. கை வைத்ததுமே ஈரம் தெரிந்தது. ‘காய்ந்தது’ என்று எழுதினேன்.

எட்டாம் நாள் அந்த மூட்டைகள் வெந்து புளித்து நாறின. கொட்டை பொறுக்கும் ஒரு பெண்ணின் முன்னால் அந்தக் குவியல் கிடந்தது. பூசணம் பிடித்த கொட்டையைப் பார்த்த முதலாளி, அவள்தான் தண்ணீரைக் கொட்டிக் கெடுத்தாள் என்று கத்தி, அப்போதே வெளியே போகச் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நீங்கதானே நிறுத்தீங்க. கடிச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். காஞ்சுதான் இருந்துச்சு.”

“வாயில பல்லு இருக்குல்ல?”

முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் முதல் தேதிப் பொய்யில் ஏமாந்தது ஒரு அலுமாரியும் நாலு காகிதமும். இந்தப் பொய்யில் ஒருத்தியின் அடுப்பு அணைந்தது.

மறுவாரம் கிளாக்கரின் வண்டி மறுபடி வந்தது. முதலாளி பக்கத்தில் நின்றார். ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தேன். “ஈரம்” என்றேன். முன்பு வந்த மூன்று மூட்டையும் ஈரம்தான், அந்தப் பெண் மேல் குற்றமில்லை என்று அதையும் சொன்னேன்.

கிளாக்கர் கோபப்படவில்லை. “அப்ப சரி” என்றார். அவ்வளவுதான்.

முதலாளி அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஆள் அனுப்பினார். தராசில் பொய் எழுதியவன் இனி வேண்டாம் என்று என்னை நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து வந்த முதல் தேதி நான் நொண்டாமல் போனேன். அதாவது எவ்வளவு நோவோ அவ்வளவுக்கு மட்டும் நொண்டினேன். “கிட்டங்கியில மூட்டை தூக்குறவனுக்கு எதுக்குப் பென்சன்?” என்று கிளாக்கர் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லி என் பெயரை அடித்தார். வெங்காயக்காரன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த மாதம் ஊர்த் தலைமைக்காரரான ஆராச்சி வீட்டுக்கு வந்தார். அந்த நாளில் ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஆண் ஒவ்வொருவனும் வருஷத்தில் ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வரி கட்ட வேண்டும். உடம்பு ஆகாதவனை விட்டுவிடுவார்கள். “போன வருஷம் ஒன்னய விட்டோம். இப்ப ஒனக்கு ஒடம்பு நல்லாயிருக்குன்னு ஆபீசுல எழுதியிருக்கே” என்றார். எனக்கு ஐம்பது. கட்டக் காசில்லை.

கலகெதர ரோட்டில் கல்லுடைக்கப் போனேன். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. வேலையை மேற்பார்க்க வந்த ஓவர்சியர் குனிந்து என் முழங்காலைப் பார்த்தார்.

“இதோட யாருய்யா ஒன்னய அனுப்புனது? டாக்டர் கடுதாசி இல்லையா?”

“இருக்குதுங்க. ஆபீசு அலுமாரியில, பெரிய கிளாக்கர்கிட்ட.”

“அவர்கிட்ட போய்க் கேட்டு வாங்கிட்டு வா. இப்பவே விடுறேன்.”

“அந்தக் கல்ல இந்தப் பக்கம் தள்ளிவிடச் சொல்லுங்க. ஒக்காந்தே ஒடைக்கிறேன்” என்றேன்.