கதவைப் பூட்டிய கதை

மாலை ஐந்து நாற்பதுக்கு, வறுபட்ட கடலையின் வாசம் ஆவூர் வீடெங்கும் நிறைந்திருந்தபோது, புதுக்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள் அமலி போனில் அழைத்தாள்.

“அப்பா, நான் தனியா மாட்டிக்கிட்டேன். கதவெ வெளியில பூட்டிட்டாங்க. உள்ள இருக்கறது யாருக்கும் தெரியாது.”

“அருமையான ஆரம்பம். மேல சொல்லு.”

“ஐயோ, அப்பா…” என்றதோடு இணைப்பு அறுந்தது. நல்ல இடத்தில் நிறுத்திவிட்டாள் என்று சிரித்தபடி கடலையைக் கிண்டினேன்.

இப்படிச் சிரிக்கும் தகப்பன் எங்கள் குடும்பத்தில்தான் இருக்க முடியும். காரணம் என் அக்கா. விதைப்புக்காகக் கூடை கூடையாய் ‘வெதக்கடல’ உடைக்கும் கோடையில், கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியிலிருந்து வீடு வரும் அவள், அங்கே படித்த ஆங்கில நாவல்களை எங்களுக்குத் தமிழில் சொல்வாள். எந்தக் கதையையும் முதலிலிருந்து சொல்லமாட்டாள். ஆபத்தின் நடுவில் தொடங்கி, அதன் பிறகே பின்னோக்கிப் போவாள். கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பும்போது நிறுத்தி, “இந்தக் கூடை முடியட்டும்டா, அப்பத்தான் கதவு தொறக்கும்” என்பாள். எல்லாவற்றையும் ‘நான்’ என்றே சொல்வாள். முதல் கோடையில் அதை நம்பி, அக்காவை யாரோ பூட்டிவிட்டார்கள் என்று நான் தேம்பி அழுதேன். “ஏன்டி பச்சப்புள்ளைய இப்புடி அலற வைக்கிற? ஒரு கடலைய உடைக்கல, தின்னுபுட்டு அழுவுறான்” என்று அம்மா அதட்டினாள். அக்கா சிரித்தாள்: “கதையில வர்ற ‘நான்’ நானில்லடா. அவ கதை சொல்றவ. பொய்கூடச் சொல்லுவா.”

அந்த ‘நானை’ நம்பாமல் ரசிப்பதே எனக்கு இலக்கியமாயிற்று. அதையே அமலிக்கும் பழக்கினேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அன்று வகுப்பில் படித்த கதையை, தனக்கே நேர்ந்ததுபோல் போனில் எனக்குச் சொல்வது அவள் வழக்கம்.

அவளை அழைத்துவர நான் நின்றிருந்த நிறுத்தத்துக்கு ஆறரை மணி பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை. போன் அணைந்திருந்தது. கூடப் படிக்கும் பெண் இறங்கி, “லைப்ரரிக்குப் போறேன்னு சொன்னா அங்கிள். முன்னாடியே கெளம்பிட்டாள்னு நெனச்சேன்” என்றாள்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அக்காவின் கதைகளில் காலம் முன்னும் பின்னும் போகும். அந்தச் சாலையில் முன்னோக்கி மட்டுமே ஓடியது. உள்ளே என்ன நடந்திருக்கும் என்று நினைக்கக் கூடாதென்று வாய்விட்டு ஜெபித்துக்கொண்டே போனேன்.

கல்லூரிக் காவலாளி லைப்ரரி சாவிக்காரருக்குப் போன் செய்தார். இருண்ட மாடியைப் பார்த்து அவள் பெயரைக் கத்தினேன், பதிலே இல்லை. சாவிக்காரர் வந்து, “சுத்திப் பாத்துட்டுத்தான் சார் பூட்டுனேன்” என்று தடுமாறியபடி கதவைத் திறந்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள் அமலி. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

“தண்ணி இருக்காப்பா?” என்றாள். குடித்து முடித்தபின், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “ஒங்ககிட்ட இனிமே கதை சொல்லமாட்டேன்.”

சொல்வதுமில்லை. இப்போதெல்லாம் “பஸ் ஏறிட்டேன்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாள்.