குசினி வாசலில் ஒரு சாய்தளம்

1. முதல் நாள்

மாற்றுத்திறனாளிகள் வாழும் வீடுகளைப் பற்றிய ஆய்வுக்காக, கல்முனையில் நான் போன முதல் வீடு அது. படிப்பு முடித்த சூடு. கையில் டெப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. முன் மண்டபத்தில் கதிரை போட்டுத் தந்தார்கள். நானும் பெரிய அதிகாரி போல உட்கார்ந்துவிட்டேன்.

கேள்விகள் எல்லாம் சக்கர நாற்காலியில் இருக்கும் நஸீறா ராத்தாவைப் பற்றியவை; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அவர் திரைக்கு உள்ளே இருந்தார். பதில் சொன்னவர் அவருடைய வாப்பா.

"பிரதான வாசல்ல படி இரிக்கா?"

"ஓம் மகள், மூணு படி. ரேம்ப் ஒண்டு போட்டுத் தந்தாப் பெரிய உதவி."

பத்து நிமிடத்தில் படிவம் முடிந்தது. அன்றைக்கு ஐந்து வீடு முடித்தேன் என்று எனக்குப் பெருமை வேறு.

2. கல் இறங்கிய நாள்

பரீட்சார்த்தமாகச் சாய்தளம் கட்ட அந்த வீடு தெரிவானது. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். நான் போனபோது மேசன் முன்வாசலில் இரண்டு வரிசை கல் வைத்திருந்தார். நல்ல வெயில். தண்ணீர் குடிக்கப் பின்பக்கம், சமையல் நடக்கும் குசினிக்குப் போனேன்.

அங்கே குசினி வாசல் படியோரம் நாற்காலியில் ராத்தா. பார்வை பக்கத்து மதிலில் இருந்த சிறு வாசலில். அதற்கு அங்கால் தங்கை ஜெஸீமாவின் வீடு; அந்தக் குசினிக்குப் படியில்லை. எங்கள் ஊரில் வீடு பெண் பிள்ளைகளுக்குத்தான். அக்கா தங்கை வீடுகளுக்கு நடுவில் மதில் கட்டினாலும் ஒரு வழி விட்டுத்தான் கட்டுவார்கள். தெருவுக்கு வராமலே பெண்கள் நாள் முழுக்க அதால் போய் வருவார்கள். நானே அப்படி ஒரு வழியால் ஓடித்தான் வளர்ந்தேன். டெப்லெட்டைக் கையில் எடுத்ததும் மறந்துபோயிற்று.

"ரேம்ப் வருது ராத்தா, சந்தோசமா?"

"சந்தோசம்தான். ஆசுபத்திரிக்குப் போக லேசு. மாசத்துல ஒருக்கா."

"மத்த நாளையில?"

மதில் பக்கம் முகத்தைக் காட்டினார். "அங்க போக ரெண்டு பேர் வந்து தூக்கணும். நான் போறத்துக்குள்ள அவள் ஊட்டக் கூட்டி, தேத்தண்ணியும் ஊத்தி வச்சிருவாள். நான் என்ன விருந்தாளியா புள்ள? ஒரு நாளைக்காவது சொல்லாமப் போய், என்னப்பத்தி என்ன கதைக்காள் எண்டு கேக்கணும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்டைக்கு இதச் சொல்லல்லியே ராத்தா?"

"நீங்க என்னட்டக் கேக்கல்லியே."

குழுத் தலைவருக்கு உடனே போன் போட்டேன்.

"ஃபோர்ம்ல பிரதான வாசல் எண்டுதானே போட்டிருக்கீங்க?"

"பிழை என்னில சேர். ராத்தாக்குப் பிரதான வாசல் குசினி வாசல்தான்."

"அவங்களே சொன்னதா?"

"ஓம் சேர்."

"அப்ப மாத்துங்க."

வாப்பாவுக்கு மனமில்லை. "பின்னுக்குக் கட்டினா ஆரு மகள் பாக்கப்போறா?"

உள்ளிருந்து ராத்தாவின் குரல் வந்தது: "பாக்கவா வாப்பா கட்டுற?"

வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்வாசலில் முதல் கல்லைத் தானே பெயர்த்தார்.

3. சீமெந்து காய்ந்த பிறகு

எங்கள் படிவத்தில் இப்போது முதல் கேள்வி, "நீங்கள் தனியாகப் போக ஆசைப்படும் இடம் எது?" என்பது. அதை அந்த ஆளிடமே கேட்க வேண்டும், அவர் இருக்கும் இடத்துக்கே போய். நாளுக்கு இரண்டு வீடுதான் முடிகிறது. முடியட்டும்.

சீமெந்து காய்ந்து சில நாளில், ஜெஸீமாவின் குசினியில் உட்கார்ந்து, சாய்தளத்தால் என்ன மாறியிருக்கிறது என்று அவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். கறிச்சட்டியைக் கிளறியபடியே சொன்னார்: "ராத்தாக்கு வாய் கொஞ்சம் கூடத்தான், ஆனா..."

"என்ன வாய்?"

வாசலில் ராத்தா. தள்ளிவர யாரும் இல்லை. ஜெஸீமா கரண்டியும் கையுமாக நின்றார்.

"அல்லாஹ்வே! சொல்லாமக் கொள்ளாம வந்திட்டீங்களே, ஊடெல்லாம் குப்பையாக் கிடக்கு!"

"கிடக்கட்டும் புள்ள," என்றபடி ராத்தா சக்கரத்தைத் தள்ளி உள்ளே வந்தார்.