பதினோராவது வரி

என் பட்டியலில் கை வைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்ற கோபம் எனக்கு இன்றும் முழுதாக ஆறவில்லை. கிழித்துப் போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். எங்கள் வீட்டில் திருத்தி, நல்லொழுக்கம் சேர்த்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. இரண்டாயிரம் பிறக்கச் சில வாரங்களே இருந்தன. வாழ்க்கையில் செய்து பார்க்க ஆசைப்படும் பத்து விஷயங்களை எழுதி வரச் சொன்னார் டீச்சர். வகுப்புச் சுவரில் ஒட்டப் போகிறாராம். அதுவரை என் ஆசை என்னவென்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. எத்தனை மார்க், சாப்பிட்டாயா, இந்த இரண்டு கேள்வியோடு பெரியவர்களுக்கு என்னிடம் பேச்சு தீர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தறி ஓடும் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பென்சிலால் எழுதினேன். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார வேண்டும். இரண்டு கையையும் விட்டுவிட்டு ஐயம்பேட்டை வரை சைக்கிள் ஓட்ட வேண்டும். ஒரு டப்பா ஐஸ்கிரீமை யாருக்கும் கொடுக்காமல் தின்ன வேண்டும். டிவியில் செய்தி வாசிக்க வேண்டும். எங்கள் தறியில் நெய்த புடவை ஒன்றை நானே கட்டிக்கொள்ள வேண்டும். இப்படிப் பத்து.

வீட்டில் இரண்டு தறி. பெரியப்பா ஒரே நிறத்தில் சாதாப் புடவை நெய்வார், அவருக்குத் துணை வேண்டாம். அப்பா நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்குக் கரைப் பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு இழைக்கும் கரை நூல் வைத்த நாடாவைக் குறுக்கே தள்ளிவிட வேண்டும். அந்த இன்னொருவர் அத்தை. மாமா இறந்தபின் எங்களோடு வந்து இருந்தவள். அவள் எழுந்தால் தறி நின்றுவிடும் என்பதால் பெரும்பாலும் எழுவதில்லை.

அம்மா டீ கொண்டுவந்தவள் என் தாளை எடுத்தாள். எடுத்ததோடு விட்டாளா, கூடமே கேட்கும்படி உரக்க வாசித்தாள்.

"ஐஸ்கிரீம யாருக்கும் குடுக்காம துன்னுவியா? இத்த போயி செவுத்துல ஒட்டுனா நம்ம வளர்ப்ப இன்னான்னு பேசுவாங்க?" என்று என் ரப்பராலேயே அழித்துவிட்டு, 'அம்மாவுக்கு வீட்டு வேலையில் உதவ வேண்டும்' என்று எழுதினாள். வாழ்நாள் ஆசையாம்!

அது ஆரம்பம்தான். அப்பா கை நீட்டித் தாளை வாங்கினார். செய்தி வாசிப்பது போய், பத்தாம் வகுப்பில் மாவட்டத்திலேயே முதலாவதாக வருவது வந்தது. புடவை வரியில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. "நெய்யறவங்களே கட்டிக்கினா கடைக்கு இன்னா போவும்?" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த வரியும் போயிற்று. பெரியப்பா என் சைக்கிள் வரியைப் பிடுங்கிக்கொண்டு காசிக்குப் போகும் புண்ணியத்தைக் கொடுத்தார். பதினோரு வயதில் எந்தப் பிள்ளைக்குக் காசி ஆசை வரும்?

"காஞ்சிபுரத்துல இருந்தாலே மோட்சம்னு நீதான பெரிப்பா சொல்லுவ. அப்பறம் காசி எதுக்கு?" என்று கேட்டேன்.

"வாய் மட்டும் காசி வரிக்கும் போவுது" என்றாள் அம்மா.

பெரியப்பா அதோடும் விடவில்லை. "பத்துன்னு மொட்டையா நிறுத்தாதமா. மொய்யே நூத்தியொண்ணுன்னுதான் எய்தறோம். ஒண்ணு கூட வையி, அப்பதான் விருத்தியாவும்" என்றார். டீச்சர் பத்துதான் கேட்டார் என்று நான் கத்தியதை யார் காதில் வாங்கினார்கள்? பதினொன்று என்று எண் போட்டேன். ஆனால் எதிரே ஒன்றும் எழுதவில்லை. இது என்னுடையது, யோசித்து நானே எழுதுவேன், யாராவது தொட்டால் சோறு தின்ன மாட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன்.

அத்தை ஒருத்திதான் அப்போது தாளைத் தொடாதவள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மனசுல கீறதெல்லாம் எய்தலாமாமா? டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குத்தானே எழுதச் சொன்னார்கள் என்று எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், பதினோராவது வரி நிரம்பியிருந்தது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, அழுத்தி எழுதியிருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற அத்தையின் கையெழுத்து. 'கடலைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் நிற்க வேண்டும்.'

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவளுமா! அதிலும் கடலா! போன வருடம்தான் பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போய்க் கடலைப் பார்த்து, பாவாடை நனைய நின்றுவிட்டு வந்தேன். விடியற்காலையில் எழுந்து புளிசோறு கட்டிக் கொடுத்ததே அத்தைதான். திரும்பி வந்த அன்று என்னைத் தூங்கவிடாமல் தொணதொணத்தவளும் அவள்தான். அலை திரும்பும்போது காலுக்குக் கீழே மண் ஓடுமாமே, நிஜமா? நாக்கில் வைத்துப் பார்த்தாயா, எவ்வளவு உப்பு? இத்தனையும் கேட்டுவிட்டு, எல்லாம் மறந்து, நான் முடித்துவிட்ட காரியத்தை மறுபடி என் தலையில் கட்டுகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

தாளோடு தறிக்குப் போனேன். அப்பாவும் அத்தையும் நெய்துகொண்டிருந்தார்கள்.

"அத்த, நான்தான் கடலப் பாத்துட்டனே! நீதான சோறு கட்டிக் குடுத்த! பாத்தத எதுக்கு மறுபடியும் எய்தி வெச்ச?"

அப்பா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. திருட்டு அகப்பட்டதே என்ற வெட்கம் என்று அதை நினைத்துக்கொண்டேன்.

"ஆமாமா, நீ பாத்துட்ட இல்ல. மறந்தே பூட்டேன். அழிச்சிடு."

அங்கேயே, அவள் கண்ணெதிரேயே அழித்தேன். அவள் அழுத்தி எழுதியிருந்ததால் லேசில் போகவில்லை. விடாமல் தேய்த்ததில் தாள் கிழிந்து அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. அதற்கும் அவளையே திட்டினேன். "நாடாவ விடுக்கா" என்றார் அப்பா. விட்டாள்.

மறுநாள் ஓட்டையோடு தாளைக் கொடுத்தேன். இந்த வயதில் காசிக்குப் போக நினைக்கிறாளே என்று டீச்சர் மெச்சி, வகுப்பையே கைதட்டச் சொன்னார். கைதட்டல் அவமானமாக இருந்தது. ஆனாலும் ஒரு வரியையாவது காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு வெற்றி.

அத்தை இறந்து சில வருடங்களாகின்றன. கடல் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அவள் பார்க்கவேயில்லை. அப்பாவையும் அம்மாவையும் பெரியப்பாவையும் கோபித்துக்கொள்ள எனக்கு நியாயம் உண்டு, கோபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தத் தாளில் அவர்கள் மூவரும் எழுதியது எனக்கான ஆசைகளை. அத்தை எழுதியது எனக்காக இல்லை என்று பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை.