இரும்புக்கடை நானாவும் எங்கள் வாய்க்காலும்

ஜமால்தீன் நானா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி, அவரை அடக்கம் செய்து ஒன்பது நாட்களுக்குப் பிறகுதான் தண்ணீரூற்றுச் சந்திக்கு வந்தது. ஓமந்தையைத் தாண்டிச் சரக்கேற்றி வந்த லொறிச் சாரதி என் பேக்கரிக்கு முன்னால் நின்று சொன்னார். மகளைப் பார்க்கப் புத்தளம் போனவர், சண்டையால் ஆக்கள் வரும் பாதை இறுகியதால் திரும்ப முடியாமல் அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டாராம். அன்று பின்னேரமே ஒருவர் வந்து, "பக்கத்தில அவற்ர கடை இனிச் சும்மாதானே கிடக்கும், எனக்குத் தாங்கோவன்" என்று கேட்டார். "அவருக்குப் பிள்ளையள் இருக்கினம். அது உரிய ஆக்கள் வரவேண்டிய கடை" என்று சொல்லி அனுப்பினேன்.

நானாவைத் தெரிந்த நீங்கள் இப்போது அவரைச் சாது என்று சொல்லத் தொடங்கியிருக்கிறீர்கள். அவர் சாது அல்ல. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறில் இங்கிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் இரும்புக்கடையை விட்டுவிட்டுப் புத்தளத்துக்குப் போனார். ஐந்து வருடம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த எனக்கு ஒதுங்க இடம் வேண்டியிருந்தது. அவருடைய கடையின் பூட்டு உடைந்திருந்தது. உடைத்தவன் நானல்ல, ஆனால் உள்ளே போனவன் நான்தான்.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு ஒரு காலை நானா சைக்கிளில் வந்து இறங்கினார். நேரே உள்ளே போய், நான் கட்டியிருந்த பாண் சுடும் போறணையைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாக் கட்டியிருக்கிறீர். ஆனா கட்டிடம் என்ர."

"ஓம் நானா. நான் எழும்பிறன்."

"நீர் எழும்பினா ஊர்ச்சனம் பாணுக்கு எங்க போறது? நடுவில சுவரை எழுப்பும். பாதி எனக்கு. இரக்கம் எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேயும்."

அந்தச் சுவருக்கு அப்பால் மறுபடியும் இரும்புக்கடை திறந்தது.

சந்திக் கடைகளுக்குப் பின்னால் குளத்துக்குப் போகும் வாய்க்கால் ஒன்று உண்டு. கடைக் குப்பையை எல்லோரும் அதில்தான் கொட்டினோம். மாரி வந்தால் தண்ணீர் கடைகளுக்குள் ஏறும். என் மா மூட்டைகள் நனையும். குளத்தில் பிளாஸ்டிக் சொப்பிங் பைகள் மிதந்தன. மாடு குளிப்பாட்ட வந்த கமக்காரர் கோபித்துக்கொண்டு, சாமான் வாங்க வேறு சந்திக்குப் போகத் தொடங்கினார்கள். நாங்கள் அவர்களைத் திட்டினோம். நானா எங்களைத் திட்டினார்.

"கடைக்காரன் மூடின வாய்க்காலைக் கடைக்காரன்தான் திறக்கோணும்."

பலசரக்குக்கடை செல்லத்துரை அண்ணருக்கு அது பிடிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டார்: "புத்தளத்தில இருந்து வந்தவருக்கு எங்கட வாய்க்கால்ல என்ன அலுவல்?"

நானா குரலை உயர்த்தவில்லை. "நான் புத்தளத்தில இருந்து வந்தவன் இல்லை அண்ணை. இஞ்ச இருந்து போனவன்."

மறுநாள் காலை தன் கடையிலிருந்த புது மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு தனியாக வாய்க்காலுக்குள் இறங்கினார். வெட்கம் தாங்காமல் நான் இறங்கினேன். பத்து மணிக்குள் தையல்கடை சிவபாக்கியம் அக்கா தேத்தண்ணி வாளியோடு வந்தா. மூன்றாம் நாள் செல்லத்துரை அண்ணரும் வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். அந்த வழியால் வந்த ஒரு தொண்டு நிறுவனத்தார், தங்கள் பெயர்ப்பலகையை நட்டால் மிச்சத்தைத் தாங்கள் வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். "பலகையை வைச்சிருங்கோ. மண்வெட்டி இருந்தாத் தாங்கோ" என்றார் நானா.

பைகளை நிறுத்தாவிட்டால் வாய்க்கால் மறுபடி அடைபடும் என்று சொன்னதும் அவர்தான். என் மாச் சாக்குகளை அக்கா தோய்த்துப் பைகளாகத் தைத்தா. செல்லத்துரை அண்ணர் அவற்றில் சாமான் கட்டிக் கொடுத்தார். அந்த மாரியில் ஒரு கடைக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. கமக்காரர் திரும்பி வந்தார்கள். அக்கா இன்னொரு தையல் மெஷின் வாங்கினா. தனித்தனியே முட்டி மோதிக்கொண்டிருந்தபோது எவருக்கும் வராத யாவாரம், சேறு பூசிக்கொண்டு ஒன்றாக நின்றபோது எல்லோருக்கும் வந்தது.

அதன்பின் ஒவ்வொரு மாரிக்கு முன்னும் வாய்க்காலை வெட்டி வந்தோம். இந்த வருடம் மாரிக்கு முன்னரே ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. "எப்ப ஓடவேண்டி வருமோ தெரியாது. இந்த முறையும் வெட்டத்தான் வேணுமோ?" என்று செல்லத்துரை அண்ணர் என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சிவபாக்கியம் அக்கா சொன்னா: "ஓடுற நாளில ஓடுவம். மழை அதுவரைக்கும் பாத்துக்கொண்டு நிக்குமே?"

போன கிழமை வெட்டி முடித்தோம். செல்லத்துரை அண்ணர்தான் முதலில் இறங்கினார்.

ஒருவரின் அனுமதிக்கும் காத்திராமல் தன் ஊர் வேலையில் இறங்குகிற அந்தத் திமிரை நானாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். நாங்கள் இங்கே எத்தனை நாள் இருப்போம் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கலாம். இருக்கிற நாளில் இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை நாங்கள்தான் தீர்மானிப்போம்.