மாடிப்படி இல்லாத தெரு

சௌடம்மாளுக்கு ஊரில் யார் மேலும் பொறாமை கிடையாது, சரஸ்வதி ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி மேல் வைத்திருந்ததைப் பங்கு பிரித்திருந்தால் அருப்புக்கோட்டை முழுவதுக்கும் காணும்.

இருவரும் ஒரே வருஷத்தில் அந்த நெசவாளர் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. எப்போதோ கன்னட நாட்டிலிருந்து வந்து குடியேறிய சனம்; வீட்டுக்குள் கன்னடம், வாசலில் தமிழ், சண்டையென்று வந்தால் இரண்டும். சரஸ்வதி புது மூக்குத்தி போட்டால் சௌடம்மாளுக்குச் சோறு இறங்காது. சரஸ்வதி வீட்டில் ரேடியோ பாடினால் இவள் அம்மியில் வெறுங்குழவியைப் போட்டு உருட்டுவாள். புருஷன் கோட்டைச்சாமி பாவம், தறிக்குழிக்குள் காலை விட்டபடி சொல்லுவார்: “இந்தா, அது நம்ம சுவருந்தான். காத வச்சு வச்சே ஓட்ட விழுந்திரப் போகுது.”

அறுபத்து நாலாம் வருஷம் சரஸ்வதியின் புருஷன் நாகையா மதுரைக்கு லோடு லோடாகச் சேலை அனுப்பும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். வளர்ந்தவர் சும்மா இருக்கிறாரா? வீட்டின் மேல் மாடி எடுக்கப் போகிறாராம். தெரு முழுக்க ஓட்டு வீடுகள், எல்லாம் ஒரே உயரம். அதில் சரஸ்வதி மட்டும் மேலே ஏறி நின்று சௌடம்மாள் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்ப்பாளாம், சௌடம்மாள் அவளை அண்ணாந்து பார்க்க வேண்டுமாம்! செங்கல் வண்டி வந்த அன்று சௌடம்மாளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அப்போதுதான் மாடிப்படிக்குப் போட்ட குறி அவள் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் தறிக்குழி போகக் காலடி இடம் மிஞ்சவில்லை என்று நாகையா படியை வெளியே, சாக்கடையைத் தாண்டி வைக்கக் குறி போட்டிருந்தார். சேலைக்கு நீளவாட்டில் ஓடும் நூலைப் பாவு என்பார்கள். காலையில் அதைத் தெரு நெடுக மூங்கில் கவைகளில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் நின்று நீவிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். நடுவில் ஒரு கல் துருத்தினாலும் பாவு ஓடாது. சௌடம்மாள் குனிந்து குறியை முழம் போட்டுப் பார்த்தாள். மூன்று முழம் தெருவுக்குள் வந்திருந்தது.

“தெரு என்ன இவ அப்பன் குடுத்த சீதனமா?” என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். “இன்னைக்கு இவ படி, நாளைக்கு எவளோ ஒருத்தி தூணு. அப்பறம் பாவ எங்க நீட்ட, ஆகாசத்துலயா?”

சொன்னதில் ஒரு இழை பொய் கிடையாது. பொறாமைக்காரி கையில் நியாயமும் சேர்ந்துவிட்டால் அவள் முன்னால் யார் நிற்பது? சௌடேஸ்வரி அம்மன் கோயில் வாசலில் தெருவே கூடியது. நாகையா நல்ல மனுஷர், உடனே இறங்கி வந்தார்.

“படிய உள்ளயே வச்சுக்கிறேன். ஒரு தறிய எடுத்திர்றேன்.”

“அப்பறம் என்ன, விவகாரம் முடிஞ்சது” என்று தெருப் பெரியவர் பொன்னுச்சாமி துண்டை உதறி எழுந்தார்.

முடிந்திருக்க வேண்டியதுதான். சௌடம்மாள் விட்டால்தானே? படி உள்ளே போனாலும் மாடி மேலேதானே நிற்கும்!

“இருங்க மாமா. இவுக உள்ள வப்பாக, எல்லாரும் வப்பாகளா? தெரு தெருவா இருக்கணும்னா இங்க மாடியே கூடாது. நம்ம காலத்துலயும் சரி, நம்ம பிள்ளைக காலத்துலயும் சரி. ஆத்தா முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுவோம். மொதக் கை என் கை!”

எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அம்மன் பேரைச் சொன்ன பிறகு யார் மறுப்பார்கள்? ஒவ்வொருவராக வந்து சூடம் அணைத்தார்கள். கடைசியாக நாகையா. அன்றைக்குச் சௌடம்மாள் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு வருஷம் போனது. திருச்சுழி ரோட்டில் கருவேலங்காட்டை வெட்டி மனை போட்டார்கள். நாகையா அங்கே மாடி வீடு கட்டிக் குடும்பத்தோடு போய்விட்டார். பழைய வீட்டில் நூல் மூட்டை அடுக்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ இல்லை, பேச்சு இல்லை. இருந்தாலும் சௌடம்மாள் பழக்கதோஷத்தில் காதை வைத்துப் பார்ப்பாள்.

தெருவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மற்றத் தெருக்களில் படியும் தூணும் முளைத்து, அங்கே உள்ளவர்கள் பாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார்கள். “சௌடம்மா இல்லன்னா இந்தத் தெரு தங்கியிருக்குமா?” என்றார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

எழுபத்து மூன்றில் மகன் ராமலிங்கத்துக்குக் கல்யாணம் ஆனது. வீட்டில் இருந்தது ஒரு கூடம், ஒரு அடுப்படி. கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டது. மீதியில் பழைய சேலையைக் குறுக்கே கட்டிப் புதுசுகளைப் படுக்க வைத்தார்கள். கோட்டைச்சாமி இருமினால் மருமகள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எத்தனை நாளைக்குத் தாங்கும்? சௌடம்மாள் பொன்னுச்சாமியிடம் போய் நின்றாள்.

“மாமா, மேல ஒரே ஒரு ரூமு. படிய உள்ளயே வச்சுக்கிறேன். ஒரு தறிய எடுத்திர்றேன்.”

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இதத்தானம்மா நாகையாவும் சொன்னாரு? மொதக் கை யாரு கை?”

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறு மாதம் ராமலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “வீடு பாத்துட்டேம்மா. திருச்சுழி ரோட்டுல. மாடி.”

“யாரு வீட்டு மாடி?”

“சரசு அத்த வீட்டு மாடி.”

மூன்று மாதம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெற்ற மனசு கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் தூக்குவாளியில் முறுக்கோடு புறப்பட்டாள். சரஸ்வதி வாசலிலேயே இருந்தாள்.

“வா சௌடம்மா. பாத்து ஏறு. படி வெளியதான் இருக்கு. இங்க பாவு ஓட்டுறவுக யாரும் இல்ல.”

சுருக்கென்று தைத்தது. விறுவிறுவென்று ஏறினாள். மருமகள் காப்பி கொடுத்தாள். மாடியிலிருந்து பார்த்தால் சரஸ்வதி வீட்டு முற்றம் முழுசாகத் தெரிந்தது. எந்தப் பார்வைக்குப் பயந்து சூடத்தை அடித்தாளோ, அந்தப் பார்வையை இப்போது அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சரஸ்வதி தன்னந்தனியாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாகையா லோடோடு மதுரைக்குப் போனால் வருவதற்கு நான்கு நாள் ஆகுமாம்.

கிளம்பி இறங்கும்போது படியடியில் சரஸ்வதி மறித்தாள்.

“நம்ம தெரு அப்பிடியே இருக்காமே? இங்க பக்கத்து வீட்டுக்காரி பேரு கூட எனக்குத் தெரியாதுடி. கஞ்சி வாசம் கிடையாது, ஒரு சண்ட கிடையாது. நீ வெறும் அம்மிய உருட்டுவியே, அதுகூடக் கேக்காமக் கெடக்கேன். நீ குடுத்து வச்சவ. ஒன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது.”

இருபது வருஷத்துக்கு மேலாகச் சரஸ்வதி வாயிலிருந்து எதைக் கேட்க ஏங்கினாளோ, அது வந்தேவிட்டது. “எரியட்டும்டி” என்று சொல்லத்தான் சௌடம்மாள் வாயெடுத்தாள். மேலே மகனும் மருமகளும் எதற்கோ சிரித்தார்கள். கூடத்துச் சேலைத் திரைக்குப் பின்னால் அந்தச் சிரிப்பை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. தினமும் கேட்கிறவள் சரஸ்வதி.

சௌடம்மாள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒனக்கென்னடி குறை” என்றாள். “எம் பிள்ள ஒன் வீட்டுல இருக்கான்.”