கதவுக்கு இந்தப் பக்கம் கிளைவ்

மெல்பர்னில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கிளைவ் ஹன்னாஃபோர்டின் முகம் தெரியாது, குரல் தெரியும். முப்பத்துநான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். கதவைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் சொல்லவே மாட்டார். சொன்ன நேரம் தப்பினால் உள்ளே இருப்பவர்களுக்குக் கிலி பிடித்துவிடும். "மேட், வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?" என்று கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல வெளியிலிருந்து ஆரம்பிப்பார். அழுதுகொண்டிருந்த ஆள் பத்தாவது நிமிஷம் தன் விவாகரத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். கதவு திறந்ததும் கிளைவின் வாய் மூடிக்கொள்ளும். நேருக்கு நேர் நின்றால் வானிலையும் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தும் தவிர அந்த மனுஷருக்குப் பேச்சே வராது. மனைவி அதற்குப் பழகிவிட்டாள். மகன் ஃபெர்கஸ் பழகவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் ஃபெர்கஸ், துவான் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டான். மகன் ஓர் ஆணின் கைபிடிப்பதை எந்த முகத்தோடு பார்ப்பது என்று கிளைவுக்குத் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை டியூட்டி என்று சொல்லிவிட்டார். மனைவி மட்டும் போய்வந்தாள். டியூட்டியைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

இப்போது ஃபெர்கஸும் துவானும் கனடாவுக்கே குடிபோகிறார்கள், இரவு விமானத்தில். மத்தியானம் அப்பாவுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கி, அவர் லிஃப்டுகளைப் பராமரித்த கோபுரத்தின் உச்சித் தளத்துக்கே டிக்கெட் எடுத்திருந்தான் மகன். மன்னிப்புக் கேட்கத்தான் கிளைவ் வந்தார். புறநகர் வெரிபியிலிருந்து ரயிலில் வரும்போது நாலைந்து தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

மேலே வந்து கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்ததும், "வடக்குக் காத்து" என்றார்.

அரைமணியில் காற்று பேயாக அடிக்கத் தொடங்கியது. காற்று தணியும்வரை லிஃப்ட் ஓடாது என்று அறிவித்தார்கள். எண்பது சொச்சம் மாடிகளைப் படியில் இறங்க அவர் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. எத்தனையோ பேரை மீட்டவர், முதல் தடவையாகத் தானே மாட்டிக்கொண்டார். கட்டடம் மெல்ல ஆடியது. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. மகன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்ததில்தான் அவருக்கு மூச்சு முட்டியது. எவ்வளவு நேரமாகும் என்று ஃபெர்கஸ் கேட்டான். பழக்கதோஷம், பதில் சொல்லாமல் கிளைவ் போன வாரத்து ஆட்டத்தைப் பற்றி ஆரம்பித்தார்.

"போதும்ப்பா. தப்பிச்சு ஓட வழியில்லாத எடத்துலகூட ஃபுட்டிதானா?" என்று சொல்லிவிட்டு ஃபெர்கஸ் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

கிளைவ் பின்னாலேயே போனார். மூடிய கதவைப் பார்த்தார். கதவுக்கு அடியில் மகனின் காலணிகள் தெரிந்தன. கதவில் தோளைச் சாய்த்தார். வாய் தானாகத் திறந்தது.

"மேட், உள்ள பரவாயில்லையா?"

கதவை இரண்டு தடவை தட்டினார்.

"அன்னைக்கு எனக்கு டியூட்டி இல்லடா. நானா கேட்டு வாங்கினது. எல்லாரும் என்னையே பாப்பாங்கன்னு பயந்துட்டேன். அன்னைக்கு ஊர்ல ஒரு லிஃப்ட்கூட நிக்கல. டிப்போல தனியா உக்காந்து சாண்ட்விச் தின்னுட்டிருந்தேன். தப்புடா. பெரிய தப்பு."

கைகழுவிக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பயணி கையைத் துடைக்காமலே நழுவிவிட்டார். கிளைவ் அதைக் கவனிக்கவேயில்லை. என்ன நிறத்தில் கோட்டு போட்டிருந்தாய், துவானின் அம்மா அழுதாளா, என் இடத்தில் யார் நின்றார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. அவர் நிற்கவேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்களாம். கிளைவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்.

காற்று தணிந்துவிட்டது, லிஃப்டுகள் ஓடுகின்றன, வரிசையில் வரலாம் என்று ஒலிபெருக்கி சொன்னது.

"வெளிய வாடா, பிளேனுக்கு நேரமாச்சு" என்றார் கிளைவ்.

தாழ்ப்பாள் அசையவில்லை.

"லிஃப்ட் போனா போகட்டும்ப்பா. கதவத் தொறந்தா நீ பேச்ச நிறுத்திடுவ."