போனில் கேள்வி கேட்காத வீடு

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. மழை இல்லை. ஆனால் வெள்ளவத்தைக் கடல் விடியற்காலையிலிருந்தே இரைந்துகொண்டிருந்தது. உப்புக்காற்றில் எங்கள் ஐந்தாம் மாடி யன்னல்கள் எல்லாம் மங்கிப்போயிருந்தன. தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது.

"அப்பா, நான்தான். சத்தம் போடாதேங்கோ. பொலிஸில நிக்கிறன்."

என் மகனின் குரல். அவன் தெஹிவளையில் இருக்கிறான். ரயிலில் எங்களுக்கு அடுத்த நிலையம்.

"என்ன தம்பி? என்ன நடந்தது?"

"ஒண்டும் கேக்காதேங்கோ. போனில கதைக்கேலாது. என்ர போனை அவங்கள் எடுத்திட்டாங்கள், அதுக்குக் கோல் எடுத்துப் போடாதேங்கோ. லோயரின்ர எக்கவுண்ட் நம்பர் இப்ப வரும். மூண்டரை இலட்சம். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

வேறொரு தகப்பன் என்றால் எந்தப் பொலிஸ், என்ன குற்றம் என்று நூறு கேள்வி கேட்டிருப்பான். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் போனில் கேள்வி கேட்பதில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதை எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. பெயர் சொல்லக்கூடாது, இடம் சொல்லக்கூடாது. பஸ்ஸில் போன் வந்தால், பிறகு கதைக்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட வேண்டும். ஒருவர் பிடிபட்டால் அவருடைய போனுக்கு எவரும் அழைக்கவே கூடாது. அழைத்தால் எங்கள் இலக்கம் அதில் விழும், அடுத்ததாக எங்கள் கதவு தட்டப்படும். மகன் பள்ளிக்கூடம் போன நாளிலேயே இதையெல்லாம் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஆகவே "ஒண்டும் கேக்காதேங்கோ" என்ற சொல்லைக் கேட்டதும், குரலைவிட அந்தச் சொல்தான் அவனை என் மகன் என்று காட்டியது.

எனக்கு இன்னொரு தைரியமும் இருந்தது. இயந்திரங்கள் பேசுவதைக் கவனிப்பது என் பொழுதுபோக்கு. வங்கித் தொலைபேசியின் தமிழ், லிஃப்டின் தமிழ், ரயில் அறிவிப்பின் தமிழ் எல்லாவற்றையும் நின்று கேட்பேன். எல்லாம் எந்த ஊரிலும் பிறக்காத தமிழ். என் போனிடம் ஒருமுறை "மழை வருமோ" என்று எங்கள் பேச்சில் கேட்டேன். அது பக்கத்திலுள்ள சாப்பாட்டுக் கடைகளைக் காட்டியது. மகனிடம் சொல்லிச் சிரித்தேன்: எங்கள் தமிழைப் பேசுகிறவர்கள் கொஞ்சப் பேர், அதை மெஷினுக்குப் பழக்க எவனும் மினக்கெட மாட்டான், அதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு. அந்தக் காலை போனில் வந்த குரல் "நிக்கிறன்" என்றது, "கதைக்கேலாது" என்றது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

கணக்கு இலக்கம் மெசேஜில் வந்தது. மனைவியின் முழங்கால் ஒப்பரேஷனுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த காசை எடுத்தேன்.

"இந்தக் காத்துக்க எங்க போறியள்?"

"பேப்பர் வாங்க."

"பேப்பர் மேசையில கிடக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். காலி வீதி வங்கியில் காசு போடும் மெஷின் ஒன்று இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள் எழுபதையும் அதற்கு இரண்டு தடவையாகக் கொடுத்தேன். மூலை மடிந்த இரண்டு தாள்களை அது வெளியே தள்ளியது. சேர்ட்டில் வைத்துத் தேய்த்துத் திரும்பக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளையும் அது சந்தேகப்பட்டுப் பார்த்தபிறகுதான் ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மகனின் சொந்த இலக்கத்திலிருந்து போன் அடித்தது. அவனுடைய போன் பொலிஸிடம் அல்லவா இருக்கிறது? நான் தொடவில்லை. அது அடித்து ஓய்ந்தது. உடனே மனைவியின் போன் அடித்தது. அவள் "ஓம் தம்பி" என்று தொடங்கவும் பறித்து நிறுத்தினேன்.

"உங்களுக்கென்ன விசரோ? பிள்ளை சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிறான்!"

"அவனில்லை அது. வாயை மூடு."

"பெத்தவள் எனக்குத் தெரியாதோ?"

மறுபடியும் அடித்தது. இரண்டு போனையும் நிறுத்தித் தலையணைக்குக் கீழே வைத்தேன். மனைவி அழத் தொடங்கிவிட்டாள். ஒன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மகன், அலுவலக உடுப்போடு, மூச்சு வாங்க நிற்கிறான். அவனைக் கொண்டுவந்தவர்கள் யார் என்று அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். படிக்கட்டில் ஒருவரும் இல்லை.

"விட்டிட்டாங்களோ?" என்றேன்.

"ஆர் விட்டது? என்னப்பா கதைக்கிறீங்கள்?"

அன்று பின்னேரம் பொலிஸில் முறைப்பாட்டை எழுதிய பெண் தமிழில் சொன்னாள்: "அங்கிள், கொஞ்சம் குரல் இருந்தாக் காணும், மிச்சத்தை மெஷினே கதைச்சிடும்." அந்தக் கொஞ்சத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியாது. சித்திரைப் புதுவருசத்துக்கு மகன் போனில் பேசிப் பதிந்த வாழ்த்தைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பியவன் நான்தான். அது எத்தனை கை மாறியதோ!

அடுத்த நாள் மகன் போனில் அழைத்தான்.

"உன்ர அம்மாவின்ர ஊர் என்ன?"

"என்னப்பா?"

"சொல்லு. எத்தினையாம் மாடி இது? நேற்று என்ன நிறச் சேர்ட் போட்டிருந்தனி?"

அவன் சொன்னான்: "செக் பொயின்ற்றில உங்களை இறக்கி வைச்சுக் கேட்டமாதிரிக் கேக்கிறீங்கள்." வைத்துவிட்டான். இப்போது போனில் அழைப்பதில்லை. கிழமையில் இரண்டு நாள் ரயிலில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறான்.

ஒன்பதாம் நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து அக்கா போனில் அழைத்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள், தனியாக இருக்கிறாள்.

"காய்ச்சல் மாறீட்டோ?"

"எந்தக் காய்ச்சல்?"

"நீதானே முந்தநாள் சொன்னாய். ஒண்டும் கேக்காதே அக்கா, போனில கதைக்கேலாது எண்டு."

நான் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அவள் இரும்புக் கதவைத் திறக்காமல் கம்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கதைச்சுக் காட்டு பாப்பம்."

"கதவைத் திற, கால் நோகுது! உனக்கு விளையாட்டோ?"

"ஓம், இது நீதான். மற்றவன் மரியாதை தெரிஞ்சவன்." சிரித்துக்கொண்டே திறந்தாள்.

"அவன் உன்னட்ட என்ன கேட்டவன்?"

"காசு எந்த பேங்கில கிடக்கு எண்டு."

"சொன்னியோ?"

அவள் சிரிப்பு நின்றது. "நீயெண்டுதானே சொன்னனான்."

அன்றே இருவரும் வங்கிக்குப் போய்க் கணக்கை மாற்றினோம். அவன் இன்னும் காசு கேட்கவில்லை. என் குரலை வைத்துக்கொண்டு எங்கோ இருக்கிறான். திரும்பி வந்து நாங்கள் தேநீர் குடிக்கும்போது அவளுடைய போன் அடித்தது. தெரியாத இலக்கம். அவள் என் வாயைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். அது அடித்து ஓயும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை.

ஒப்பரேஷனுக்கு மனைவியின் பெயரைக் களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறோம். முறை வரும்வரை நொண்டி நொண்டித்தான் நடக்கிறாள். கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்த பஸ் காசு நூற்றறுபதையும் சேர்த்து, இன்றுவரை எனக்குப் போனது மூன்று இலட்சத்து ஐம்பதாயிரத்து நூற்றறுபது ரூபாய்.